தறியும் உரிமையும்: குவாத்தமாலா மாயா நெசவுப் பெண்களின் வரலாறு



மறைந்த முன்னோடிகளின் நினைவில் நாம் கூடும் இந்த மேடையில் வழக்கமாக நம் மண்ணின் வரலாற்றைப் பேசுவோம். இந்த ஆண்டு நடு அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா என்ற சிறிய நாட்டின் நெசவுப் பெண்களைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே மாயா மக்கள் இருக்கிறார்கள். 2018 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அவர்கள்தான். இருபத்திரண்டு மாயா மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. 1960 முதல் 1996 வரை முப்பத்தாறு ஆண்டுகள் நடந்த உள்நாட்டுப் போரில் அந்த மக்கள் அடைந்த அழிவும், அதற்குள்ளிருந்து பெண்கள் தங்கள் தறியை மீட்டெடுத்த விதமும் நாம் படிக்க வேண்டிய வரலாறு.

நமக்கு உள்ள தயக்கம்

பொருளுக்குள் போவதற்கு முன் நம் தயக்கத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ‘பாரம்பரியக் கைத்தொழிலைக் காப்போம்’ என்று யாராவது சொன்னால் நமக்கு உடனே சந்தேகம் வருகிறது. வர வேண்டும். இந்தியாவில் பாரம்பரியத் தொழில் என்பது பெரும்பாலும் சாதித் தொழில். 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் தகப்பன் தொழிலுக்கும் அனுப்பப் பார்த்தது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தோம். 1954இல் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு பதினெட்டுத் தொழில்களுக்கு என்று விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும் அந்த நினைவிலிருந்து வந்ததுதான்.

நெசவிலேயே நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தஞ்சைப் பகுதியில் நெசவு செய்த கோலியர் என்ற பறையர் பிரிவைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். நாகபுரிப் பகுதியில் மகர் மக்கள் முரட்டுத் துணி நெய்தவர்கள். ஆனால் பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவின் கதவு தீண்டப்படாதவர்களுக்கு மூடியே இருந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் படும், தீட்டு என்று காரணம் சொன்னார்கள். கூடுதல் கூலி கிடைத்த பிரிவு அதுதான். 1928 ஆலை வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கைத்தறி என்றால் பெருமை என்ற பேச்சுக்கு நாம் எளிதில் மயங்காததற்கு இவ்வளவு காரணம் உண்டு.

அப்படியானால் மாயா பெண்களின் தறி நமக்கு எதற்கு? ஒரு தொழிலைச் செய்யவும் விடவும் செய்கிறவர்களுக்கே உரிமை வேண்டும், அதற்கு விலை சொல்லவும் அவர்களுக்கே உரிமை வேண்டும் என்று அந்தப் பெண்கள் போராடியிருக்கிறார்கள். கலையைக் காப்பது பற்றிய பேச்சை, கலையைச் செய்கிறவளின் உரிமை பற்றிய பேச்சாக அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். அதைத்தான் இன்று விளக்கப் போகிறோம்.

இடுப்புத் தறி

மாயா பெண்கள் நெய்வது இடுப்புத் தறியில். சில குச்சிகள், ஒரு கயிறு, ஒரு இடுப்புப் பட்டை, இவ்வளவுதான் தறி. பாவின் ஒரு முனையை மரத்திலோ வீட்டுத் தூணிலோ கட்டுவார்கள். மறுமுனையை நெய்பவள் தன் இடுப்போடு பிணைத்துக்கொள்வாள். அவள் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். அவள் உடம்பு இல்லாமல் அந்தத் தறிக்கு இயக்கம் கிடையாது. எழுந்து போக வேண்டுமென்றால் தறியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இப்படி நெய்யும் மேலாடைக்கு ஹுயிப்பில் என்று பெயர். ஊடையோடு கூடுதல் நூல்களைக் கையால் கோத்து உருவங்களை எழுப்புவார்கள். நம் ஊரில் புட்டா போடுவதற்குப் பக்கத்தில் வரும் வேலை அது. பறவை, மக்காச்சோளம், மலை, கோணல் கோடுகள் என்று ஒவ்வொரு ஊருக்கும் தனி வடிவம், தனி நிறம் உண்டு. ஹுயிப்பிலைப் பார்த்தே இவள் இன்ன ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு ஹுயிப்பில் முடியச் சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை ஆகும். பாவாடைத் துணியைப் பெரும்பாலும் ஆண்கள் மிதி தறியில் நெய்கிறார்கள். அந்தத் தறி ஸ்பானியர்களோடு வந்தது. இடுப்புத் தறி அவர்கள் வருவதற்கு மிக முந்தியது. இஷ்செல் என்ற பழைய மாயா பெண் தெய்வத்தை நெசவோடு இணைத்து வணங்கினார்கள்.

நம் நெசவு மரபோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹுயிப்பில் முதலில் சந்தைக்கான சரக்கு அல்ல. தனக்கும் தன் மகளுக்கும் உடுத்திக்கொள்ள நெய்தது. மேலே இருக்கும் ஒரு சாதி ‘நீ இதை மட்டும் செய்’ என்று ஒதுக்கிய வேலையும் அல்ல. ஆகவே ‘இது எங்களுடையது’ என்று அவர்கள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு, நம் சாதித் தொழில்களைப் பற்றி நாம் சொல்வதிலிருந்து வேறு பொருள் இருக்கிறது.

நிலமும் கட்டாய உழைப்பும்

போர் வானத்திலிருந்து விழவில்லை. 1871க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த தாராளவாதிகள் காபித் தோட்டங்களுக்காக மாயா மக்களின் பொது நிலங்களைப் பறித்தார்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது ஊர்களிலிருந்து கட்டாயமாக ஆள் பிடிக்கும் முறையைச் சட்டமாக்கினார்கள். 1934இல் சர்வாதிகாரி உபிகோ கொண்டுவந்த ‘சோம்பித் திரிவோர் சட்டம்’ நிலமில்லாதவர்களும் சிறு நிலம் வைத்திருப்பவர்களும் ஆண்டுக்கு 100 முதல் 150 நாட்கள் பிறர் நிலத்தில் வேலை செய்தே ஆக வேண்டும் என்றது. நம் பண்ணையாள் முறை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1944 புரட்சிக்குப் பிறகு இந்தக் கட்டாய உழைப்பு ஒழிந்தது. 1952இல் அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். தரிசாகக் கிடந்த பெரும் பண்ணை நிலங்கள் ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நிலம் இழந்தவர்களில் யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியும் ஒன்று. 1954 ஜூனில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் பதவி இழந்தார். கொடுத்த நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது. 1960இல் போர் தொடங்கியது.

மேடையில் உடை, வயலில் பிணம்

1970களில் குவாத்தமாலா அரசு ஒரு பக்கம் மாயா உடையைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. சுற்றுலாச் சுவரொட்டிகளில் ஹுயிப்பில் அணிந்த பெண்கள் சிரித்தார்கள். கோபான் நகரத்தில் ஆண்டுதோறும் நாட்டுப்புற விழா நடத்தி, மாயா பெண்களை அவரவர் ஊர் உடையில் மேடையேற்றி ‘அரசி’யைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1978 மே 29 அன்று பன்சோஸ் என்ற ஊரில், தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டுக் கூடிய கெக்ச்சி மாயா மக்களை ராணுவம் சுட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூட்டத்தின் முன்னால் நின்ற முதியவள் அதெலினா கால், ‘மாமா மகீன்’ என்று மக்களால் அழைக்கப்பட்டவர், அவர்களில் ஒருவர். அந்த ஆண்டுக் கோபான் விழாவை மாயா இளம்பெண்கள் பலர் எதிர்த்தார்கள். ஊர் ஊராக அரசிப் பட்டம் பெற்ற பெண்களே கூட்டாக நின்று, பன்சோஸில் எங்கள் மக்களைக் கொன்றுவிட்டு இங்கே எங்கள் உடையைக் கொண்டாடுகிறீர்களா என்று கேட்டார்கள்.

நமக்கு இது பழக்கமான நிலைமை. பறை இன்று கல்லூரி விழாக்களில் ஒலிக்கிறது, அரசு விழா மேடைகளிலும் ஒலிக்கிறது. ஊரில் சாவுக்குப் பறையடிக்க வரமாட்டேன் என்று சொன்ன இளைஞன் அடி வாங்குகிறான். கலையை ஏற்றுக்கொள்வதும் கலைஞனை ஏற்றுக்கொள்வதும் வேறு வேறு என்பதை அந்த இளம்பெண்கள் 1978இலேயே புரிந்துகொண்டிருந்தார்கள்.

உடையே அடையாள அட்டை ஆனபோது

1982 மார்ச்சில் ஜெனரல் ரியோஸ் மோண்ட் ராணுவக் கவிழ்ப்பின் மூலம் ஆட்சியைப் பிடித்தார். அதற்கு முன்பே தொடங்கியிருந்த எரிப்பு நடவடிக்கை அவர் காலத்தில் உச்சத்துக்குப் போனது. கெரில்லாக்கள் மீன், மக்கள் தண்ணீர், தண்ணீரை வற்றவைத்தால் மீன் சாகும் என்பது ராணுவத்தின் கணக்கு. கிராமங்கள் எரிக்கப்பட்டன, சோளப் பயிர் எரிக்கப்பட்டது, தறிக் குச்சிகளும் துணிப் பெட்டிகளும் வீட்டோடு எரிந்தன.

ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் 1999 பிப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். பதிவான உரிமை மீறல்களில் 93 விழுக்காடு அரசுப் படைகளும் அவற்றோடு சேர்ந்த துணைக் குழுக்களும் செய்தவை. அரசுத் தரப்பு நடத்திய 626 படுகொலைகளை ஆணையம் பதிவு செய்தது. நான்கு பகுதிகளில் நடந்தவற்றை இனப்படுகொலைச் செயல்கள் என்றே வகைப்படுத்தியது.

இந்தக் காலத்தில் ஹுயிப்பில் உயிருக்கு ஆபத்தானது. ஊரைக் காட்டிக்கொடுக்கும் உடை அது. ‘கெரில்லா ஊர்’ என்று ராணுவம் முத்திரை குத்திய ஊரின் நிறத்தை உடுத்தியிருந்தால் சோதனைச் சாவடியில் அது போதும். தப்பி ஓடிய பெண்கள் தங்கள் ஹுயிப்பிலைக் கழற்றிவிட்டு வேறு ஊர்க்காரிபோல உடுத்திக்கொண்டார்கள், அல்லது லதினோ என்று சொல்லப்படும் ஸ்பானிய வழிப் பண்பாட்டினரின் கவுனை மாட்டிக்கொண்டார்கள். எல்லை தாண்டி மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் அடைக்கலம் புகுந்தவர்களில் முகாம்களில் பதிவானவர்கள் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேல். அங்கே நூல் வாங்கக் காசில்லை. அகதி என்று தெரியாமலிருக்கவும் பலர் உடையை மாற்றினார்கள். தாய் நெய்வதைப் பார்த்து மகள் கற்கும் கலை அது. உடுத்த முடியாமல் போனபோது, கற்பதும் ஒரு தலைமுறைக்கு அறுந்தது. மலையில் ஒளிந்திருந்தவர்களிடம் உடுத்தியிருந்த துணி கந்தலாகும்வரை வேறு துணி இல்லை. வீட்டில் மிஞ்சிய பழைய ஹுயிப்பிலைக் கணவனை இழந்த பெண்கள் சோளத்துக்காக விற்றார்கள். அவை சேகரிப்பாளர்களின் கைக்குப் போயின, அல்லது வெட்டித் தைத்துப் பைகளாகிச் சுற்றுலாச் சந்தைகளில் தொங்கின.

உடையும் ஒடுக்குமுறையும் பற்றி நமக்கு நேர் அனுபவம் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது. 1927 டிசம்பரில் மகத் மாநாட்டின்போது பெண்களிடம் பேசிய அம்பேத்கர், தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டுவதை விட்டுவிடச் சொன்னார். அங்கே கூடியிருந்த பெண்கள் உடனே கட்டை மாற்றினார்கள்.

மாயா பெண்கள் பிறகு தங்கள் உடையைத் திரும்ப உடுத்திக்கொள்ளப் போராடினார்கள். நாம் அடையாளத்தைக் கழற்றப் போராடினோம், அவர்கள் அடையாளத்தை அணியப் போராடினார்கள். இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றலாம். என்ன உடுத்துவது என்பதை ஆதிக்கம் செலுத்துகிறவன் தீர்மானிக்கக்கூடாது என்ற ஒரே கோரிக்கைதான் இரண்டு இடத்திலும் எழுந்தது.

கணவரை இழந்தவர்களின் சங்கம்

1980களின் இறுதியில், போர் இன்னும் முடியாதபோதே, பெண்கள் கூடத் தொடங்கினார்கள். 1988இல் கொனாவிகுவா என்ற கணவரை இழந்த பெண்களின் தேசிய ஒருங்கிணைப்பு தொடங்கியது. தந்தையையும் கணவரையும் ராணுவம் கடத்திக் காணாமல் ஆக்கிய கக்சிக்கேல் மாயா பெண்ணான ரோசாலினா துயூக் அதன் நிறுவனர்களில் ஒருவர். பிள்ளைகளை ராணுவத்துக்குக் கட்டாயமாகப் பிடிப்பதை அவர்கள் எதிர்த்தார்கள். புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். துயூக் 1995 தேர்தலில் வென்று, மாயா உடையோடு நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார்.

அதே 1988இல் கெட்சால்தெனாங்கோ நகரில் ட்ராமா என்ற நெசவுப் பெண்களின் கூட்டுறவு தொடங்கியது. ட்ராமா என்றால் ஸ்பானிய மொழியில் ஊடை. மேற்கு மலைப் பகுதியின் ஐந்து மாவட்டங்களில் பதினேழு குழுக்கள், சுமார் நானூறு பெண்கள். போரில் ஆண்களை இழந்த குடும்பங்கள்தான் தொடக்கம். பிழைக்க ஒரே வழியாக அவர்களிடம் மிஞ்சியிருந்தது தறி.

சங்கம் சேர்ந்ததால் என்ன மாறியது? தனியாக நெய்பவள் நூலைக் கடனுக்கு வாங்குகிறாள். நெய்ததை அதே வியாபாரியிடமோ சந்தையில் உள்ள இடைத்தரகரிடமோ கொடுக்கிறாள். கடன் இருப்பதால் பேரம் பேச முடியாது. சிச்சிகஸ்தெனாங்கோ சந்தையில் வியாழனும் ஞாயிறும் சுற்றுலாப் பயணி அந்தத் துணியைப் பாதி விலைக்குக் கேட்கிறார். பேரம் பேசுவது அங்கே வேடிக்கை என்று அவருக்கு வழிகாட்டிப் புத்தகம் சொல்லியிருக்கிறது. சங்கத்தில் நூலை மொத்தமாக வாங்குகிறார்கள், நேராக விற்கிறார்கள், விலையைப் பெண்களே கூடிப் பேசி வைக்கிறார்கள். நெசவு கற்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுக்கும் அறிவுக்கும் கூலி உண்டு என்று ஆனது பெரிய மாற்றம்.

அகதி முகாம்களிலும் பெண்கள் சேர்ந்தார்கள். 1990இல் சியாபாஸில் தொடங்கிய அகதிப் பெண்களின் அமைப்புக்கு, பன்சோஸில் விழுந்த அந்த முதியவளின் பெயரையே ‘மாமா மகீன்’ என்று வைத்தார்கள். அவர்கள் கைவினைப் பொருளுக்குச் சந்தை கேட்டதோடு நிற்கவில்லை. ஊர் திரும்பும்போது நிலப் பட்டாவில் மனைவி பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1993 ஜனவரியில் கூட்டமாக நாடு திரும்புவது தொடங்கியது.

நியாய விலை என்றால் என்ன

நியாய வணிகம் என்ற சொல் இன்று எல்லா இடத்திலும் கேட்கிறது. அதைக் கணக்கால் சோதிக்க வேண்டும். ஒரு பெண் ஒரு ஹுயிப்பிலை மூன்று மாதத்தில், நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்து நெய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 360 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 45 நாள் கூலி. நூல் விலையையும் 45 நாளின் குறைந்தபட்சக் கூலியையும் கூட்டிப் பாருங்கள். விற்பனை விலை அதற்குக் கீழே இருந்தால், அந்தத் துணி விற்கும் ஒவ்வொரு முறையும் அவள் தன் கையிலிருந்து கொடுக்கிறாள். பெண்கள் வீட்டில் நெய்வது ‘ஓய்வு நேர வேலை’ என்று சொல்லி அந்த மணி நேரங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் வழக்கமான சுரண்டல். சமையல், தண்ணீர் எடுப்பது, பிள்ளை வளர்ப்பது இவற்றுக்கு நடுவே நெய்த நேரத்துக்குப் பெயர் ஓய்வு!

இதில் வேறு சிக்கல்களும் உண்டு. வெளிநாட்டுக்காரர் வாங்குகிறார் என்றால் அவர் விரும்பும் நிறம், அவர் கேட்கும் அளவு. மேசை விரிப்பும் கழுத்துத் துண்டும் நெய்ய வேண்டிவருகிறது. ஆர்டர் நின்றால் அடுப்பு நின்றுவிடும். இரக்கத்தின் பெயரால் வாங்குகிறவர் அடுத்த ஆண்டு வேறொரு நாட்டின்மேல் இரக்கப்படப் போய்விடுவார். ஆகவே கூட்டுறவு என்பது தொடக்கம்தான். நிலம், பள்ளி, மருத்துவம், சட்டம் இவை இல்லாத இடத்தில் நல்ல விலை மட்டும் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடாது. இதைப் புரிந்துகொண்டதால்தான் அந்தப் பெண்கள் சந்தையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

உணவக வாசலிலிருந்து நீதிமன்றம்வரை

போர் 1996 டிசம்பர் 29 ஒப்பந்தத்தோடு முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கையெழுத்தான பழங்குடி மக்களின் அடையாள உரிமை ஒப்பந்தம் மாயா உடையை அணியும் உரிமையை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் ஏற்றுக்கொண்டதை வாசல் காவலாளி ஏற்றுக்கொள்ளவில்லை. 2002 ஜூனில் தலைநகரின் ஓர் உணவகத்தில், மாயா உடை அணிந்திருந்ததால் ஒரு பெண்ணை உள்ளே விட மறுத்தார்கள். அந்தப் பெண் இர்மா அலிசியா வெலாஸ்கெஸ் நிமத்துஹ். கிச்சே மாயா இனத்தவர், மானுடவியல் அறிஞர், பத்திரிகையாளர். அவர் அதைச் சும்மா விடவில்லை. வழக்காக்கினார், நாடு முழுவதும் பேசப்பட்டது, அதே ஆண்டு இனப் பாகுபாடு குவாத்தமாலாவின் குற்றவியல் சட்டத்தில் குற்றமாகச் சேர்ந்தது. சுற்றுலாச் சுவரொட்டியில் அழகாக இருந்த துணி, உணவகத்தின் வாசலில் அனுமதி மறுக்கும் காரணமானது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது, வடிவம் யாருடையது என்ற கேள்வி. மாயா வடிவங்களைக் கம்பெனிகள் எடுத்து ஆலைத் துணியில் அச்சடித்து மலிவாக விற்கின்றன. நெய்தது போலவே தோன்றும் அச்சு ஹுயிப்பில்கள் சந்தையை நிரப்புகின்றன. ஆடை வடிவமைப்பாளர்கள் ஒரு ஊரின் வடிவத்தைத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். சட்டத்திடம் போனால், எழுதியவர் யார், எப்போது புதிதாகச் செய்தார் என்று கேட்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சேர்ந்து உருவாக்கியதற்குத் தனி ஆசிரியர் இல்லை, ஆகவே யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆகிவிடுகிறது.

2016இல் சக்கத்தெபெக்கஸ் மாவட்டப் பெண்களின் மேம்பாட்டுச் சங்கமான அஃபெதெஸ் முன்னின்று, நெசவுப் பெண்கள் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஆஞ்செலினா அஸ்புவாக் அதன் முக்கியக் குரல்களில் ஒருவர். எங்கள் கூட்டு அறிவைக் காக்கச் சட்டம் இல்லாததே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்பது அவர்களின் வாதம். மாயா மக்களைத் தங்கள் வடிவங்களின் கூட்டு உரிமையாளர்களாக ஏற்க வேண்டும், அவற்றால் லாபம் பார்ப்பவர்கள் அந்தச் சமூகங்களோடு பங்கிட வேண்டும் என்று கேட்டார்கள். சட்ட முன்வரைவு ஒன்றும் நாடாளுமன்றத்துக்குப் போனது. 2017இல் நீதிமன்றம் இதற்குச் சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. நீதிமன்றம் சொன்ன பிறகும் சட்டத்துக்காக அலைய வேண்டியிருந்தது. நெசவுப் பெண்கள் ஊர் ஊராகக் குழுக்கள் அமைத்துத் தொடர்ந்தார்கள்.

2016இல் இன்னொரு வழக்கும் முடிவுக்கு வந்தது. செபூர் சார்கோ என்ற இடத்தில் 1980களில் ராணுவ முகாம் இருந்தது. நிலப் பட்டா கேட்ட ஆண்களைக் கொன்றுவிட்டு, அவர்களின் மனைவியரை முறை வைத்துச் சமைக்கவும் துவைக்கவும் வரச்செய்து, பாலியல் அடிமைகளாக வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முதியவர்களாகிவிட்ட கெக்ச்சிப் பெண்கள் நீதிமன்றம் வந்தார்கள். நெய்த துணியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். 2016 பிப்ரவரி 26 அன்று ராணுவ அதிகாரி ஒருவருக்கு 120 ஆண்டும், அவரோடு சேர்ந்து செயல்பட்ட இன்னொருவருக்கு 240 ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலப் பாலியல் அடிமைத்தனத்தை அந்த நாட்டின் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. நிபுணர் சாட்சிகளில் ஒருவர், உணவக வாசலில் தடுக்கப்பட்ட அதே வெலாஸ்கெஸ் நிமத்துஹ்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்கள் இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறோம். எந்தக் கைவினைத் திட்டம், எந்தக் கலை விழா, எந்தப் பாரம்பரிய அங்காடி வந்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, செய்கிறவருக்கு விட்டுப் போகும் உரிமை இருக்கிறதா? அவர் மகளுக்குப் பள்ளியும் வேறு வேலையும் கிடைக்கும் நிலையில் அவர் தறியில் உட்கார்ந்தால் அது அவர் தேர்வு. வேறு வழியே இல்லாமல் உட்கார்ந்தால் அது குலத்தொழில், எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும்.

இரண்டாவது, விலையையும் உரிமையையும் யார் வைத்திருக்கிறார்கள்? நம் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கிக் கூலிக்கு நெய்பவரின் கூலியை அது காப்பதில்லை. பெயருக்குப் பாதுகாப்பு கேட்பவர்கள் கூலிக்கும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, துணியை வரவேற்கிற இடத்தில் நெய்தவருக்கு நாற்காலி இருக்கிறதா? கோபான் மேடையைப் புறக்கணித்த இளம்பெண்கள் கேட்டது இதைத்தான். பறைக்கும் தோல் வேலைக்கும் மூங்கில் முடைவதற்கும் இன்று விழா எடுக்கிறவர்களிடம் நாமும் இதைக் கேட்க வேண்டும்.

போர் நடக்கிற நாட்டில் கலையைக் காப்பதற்கு நூலும் சந்தையும் மட்டும் போதாது என்பதை மாயா பெண்கள் தங்கள் வாழ்க்கையால் எழுதியிருக்கிறார்கள். கொன்றவன் கூண்டில் நிற்க வேண்டும், பறித்த நிலம் திரும்ப வேண்டும், எலும்புகள் புதைகுழியிலிருந்து வெளியே வர வேண்டும், வாசலில் தடுப்பவன் தண்டிக்கப்பட வேண்டும். இவற்றைக் கேட்டுக்கொண்டேதான் அவர்கள் நெய்தார்கள். சாதியின் பெயரால் நாள்தோறும் போர் நடக்கும் நாட்டில் வாழும் நாம் அவர்களை உறவாக எண்ணிக்கொள்வது இயல்பே. நம் ஊர்களில் இன்னும் கையால் வேலை செய்து வாழும் நம் மக்களின் மணிக்கணக்கைக் குறித்து, கூலியைக் குறித்து, கடனைக் குறித்து எழுதும் வேலையை இந்த ஆண்டு மாணவர்கள் தொடங்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு முடிக்கிறோம்.

ஜெய்பீம்.